குலுக்கல் சீட்டு ஆட்டமாகாது

விழிப்புணர்வுக் கூட்டங்களில் ரைஸ் குக்கர் கொடுப்பதை நிறுத்த வேண்டும். கோயில் மண்டபமோ சமூக டேவானோ, எங்கள் வட்டாரத்தில் இப்போது அதிர்ஷ்டக் குலுக்கல் இல்லாத கூட்டத்தைப் பார்ப்பது அரிது. நீரிழிவு, டெங்கி, தொலைபேசி மோசடி என்று தலைப்பு மாறும். நடக்கும் முறை மாறாது. வாசலில் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார்கள். அதிகாரி திரையில் உள்ளதை ஒரு மணி நேரம் வாசிப்பார். கடைசியில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பெட்டிக்குள் கைவிடச் சொல்வார்கள். ஒருவருக்கு மின்விசிறி, இருவருக்கு ஹம்பர், இன்னொருவருக்கு ரைஸ் குக்கர். "சனங்க வரணும்னா இப்படி ஒரு விளையாட்டு வேணுமே டீச்சர்" என்கிறார்கள் ஏற்பாட்டாளர்கள். விளையாட்டு வேண்டும் என்பதில் நான் அவர்கள் பக்கம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் விளையாட்டு எதுவும் இல்லை.

எங்கள் ஊர் லூபோக் சீனா, மலாக்காவின் வடக்கு ஓரத்தில் உள்ள சிறிய பட்டணம். மஸ்ஜித் தானாவிலிருந்து போர்ட்டிக்சன் பக்கம் போகிறவர்கள் கடந்துபோகும் ஊர். கொஞ்சம் தள்ளினால் நெகிரி செம்பிலான். சுற்றிலும் அந்த நாளில் பால்மரம், இன்று பெரும்பாலும் செம்பனை. அப்பாவும் அம்மாவும் மரம் வெட்டி வளர்த்த பிள்ளை நான். அலோர் காஜா மாவட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். பிறருக்கு ஒன்றைப் புரியவைப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அதனால் இதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

எந்த ஆட்டத்திலும் அதிகம் பேசுவது அதன் விதிதான். குலுக்கல் பெட்டியின் விதி என்ன சொல்கிறது? கடைசிவரை உட்கார்ந்திரு, வாய் திறக்காதே, உன்னால் ஆவது ஒன்றுமில்லை, எண் வந்தால் உனக்கு. "உங்கள் உடல்நலம் உங்கள் கையில்" என்று ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு, எதுவும் உங்கள் கையில் இல்லை என்று சொல்லும் பெட்டியை மேடையில் வைக்கிறோம். வீட்டுக்குப் போகும் வழியில் சனங்கள் பேசுவது பெட்டியைப் பற்றித்தான்.

மழைநாளில் எங்கள் பிள்ளைகள் சைடினா ஆடுவார்கள். கோலாலம்பூர் நிலத்தை வாங்கி, வீடு கட்டி, அண்ணன் தம்பியிடமே வாடகை வசூலித்து ஓட்டாண்டியாக்கும் ஆட்டம். அமெரிக்க மோனோபொலியின் மலேசிய வடிவம் அது. அந்த மோனோபொலிக்கும் ஒரு தாய் உண்டு. எலிசபெத் மேகி என்ற பெண் 1904இல் காப்புரிமை பெற்ற நிலக்கிழார் ஆட்டம். நிலத்தைக் கையில் வைத்திருப்பவர் வாடகையால் கொழுக்க மற்றவர் எப்படி நொடித்துப் போகிறார் என்று காட்டுவதற்காகவே அவர் அதைச் செய்தார். நில வரிச் சீர்திருத்தம் பேசிய ஹென்றி ஜார்ஜின் கொள்கையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்க நினைத்தார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மோனோபொலியை விற்கத் தொடங்கியபோது, எல்லாரையும் நொடிக்க வைப்பவரே அதில் வென்றவர். மேகி கண்டிக்க வந்ததையே பிள்ளைகள் ரசிக்கக் கற்றுக்கொண்டார்கள். விதி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் மனமும் சாயும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு நடத்துகிறவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். நாலு நம்பர் கடையைச் சொல்கிறேன். மேக்னம் 1969இல் தொடங்கிய காலத்திலிருந்து தோட்டத்துச் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை, ஆறுதல் பரிசுகளையும் சேர்த்து, 23. அதாவது நீங்கள் எழுதும் ஓர் எண்ணுக்கு ஏதாவது ஒரு பரிசாவது விழப் பத்தாயிரத்தில் 23 பங்குதான் வாய்ப்பு. கணக்குத் தெரிந்த ஆளும் போகிறாரே, ஏன்? அங்கே அவருக்கு வேலை இருக்கிறது. ராத்திரி கனவில் பாம்பு வந்தது, அதற்கு எந்த எண் என்று யோசிக்கிறார். முச்சந்தியில் மோதிய காடியின் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். திருப்பி எழுதலாமா என்று கோப்பிக் கடையில் கேட்கிறார். புதன், சனி, ஞாயிறு குலுக்கல். ஓர் இலக்கம் தவறினால் அதைப் பற்றியே இரண்டு நாள் பேச்சு. எண்ணைத் தேர்ந்தவர் அவரே, பொருள் சொன்னவரும் அவரே. பரிசுச் சீட்டை யாரோ கிழித்துக் கையில் திணித்திருந்தால் இந்தப் பிடிப்பு வந்திருக்காது.

அதே மனிதரிடம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேச வரும்போது மட்டும் ஒரு வேலையும் கொடுக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோம். 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர். இந்தியர்களிடையே மற்ற இனத்தாரைவிட அதிகம். இவ்வளவு பெரிய சங்கதியைச் சொல்ல நமக்குக் கிடைத்த வழி, வாசிப்பும் வாயடைத்த கூட்டமும்தானா?

நம் முன்னோர் இதைவிட நன்றாக யோசித்திருக்கிறார்கள். தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகைக்கு லாவணி பாடுவார்கள். மராட்டியர் ஆட்சிக் காலத்தில் வந்து தமிழில் வேர்விட்ட கலை. டேப்பைத் தட்டி, துந்தினாவை மீட்டி, இரண்டு கட்சிகள் எதிரெதிரே உட்காரும். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. ஒரு கட்சி பாட்டிலேயே கேள்வி போடும், மறு கட்சி பாட்டிலேயே அவிழ்க்க வேண்டும். விடை வராவிட்டால் கூட்டம் விடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் விடியவிடிய உட்கார்ந்து புராணத்தையும் தர்க்கத்தையும் சேர்த்துக் கற்றது அப்படித்தான். இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. பட்டிமண்டபம் மணிமேகலையிலேயே பேசப்படுகிறது. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் அந்தப் பழைய வடிவத்துக்குப் புது உயிர் கொடுத்தது. கம்பனைப் புலவர் வீட்டு அலமாரியிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்ததில் அந்த மேடைகளின் பங்கு பெரிது. இரண்டு அணி, ஒரு நடுவர், கடைசிவரை தெரியாத தீர்ப்பு. இவை மூன்றும் ஆட்டத்தின் உறுப்புகள்.

மலாயாவில் அதைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தவை மணிமன்றங்கள். தமிழ் இளைஞர் மணிமன்றம் தோட்டந்தோறும் கிளை விட்டிருந்த காலத்தில் நான் சின்னப் பிள்ளை. எழுபதுகளின் தொடக்கம். எங்கள் தோட்டத்துப் பள்ளிக் கட்டடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கி, பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டு ஒரு விவாதம் வைத்தார்கள். தலைப்பு: பெண்பிள்ளைக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு போதுமா, போதாதா. அன்றைக்கு அது ஒவ்வொரு லயத்திலும் எரிந்துகொண்டிருந்த கேள்வி. ஆறாம் வகுப்பு முடித்தால் பட்டணத்தில் ரிமூவ் வகுப்பு. பஸ் காசு, சீருடை, வயசுக்கு வந்த பிள்ளையைத் தனியே அனுப்பும் பயம்.

மன்றத்து இளைஞர்கள் ஒரு காரியம் செய்தார்கள். யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். மூத்த மகளை ஆறாம் வகுப்போடு நிறுத்தி வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பியிருந்த மண்டோர் ஒருவருக்குப் 'போதாது' கட்சி விழுந்தது. அவர் பின்வாங்கவில்லை. அவருக்குத் தோற்பது பிடிக்காது. பல நாள் யோசித்துத் தயார் செய்துகொண்டு வந்து பேசினார். கிராணிக்குக் கணக்கு தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை, அதனால்தான் நம் சம்பளச் சீட்டை நாமே படிக்க முடியவில்லை. வீட்டில் ஒரு பெண்பிள்ளை படித்திருந்தால் அம்மாவின் சீட்டையும் சேர்த்துப் படிப்பாள் என்றார். கைதட்டலில் 'போதாது' கட்சி வென்றது. மறுநாள் பெரட்டில் பெண்கள் அவரை விடவில்லை. அவருடைய அடுத்த மகள் என் வகுப்புத் தோழி. நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் ரிமூவ் வகுப்புக்குப் போனோம்.

வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து பெண்கல்வியின் நன்மைகளைப் பத்துப் பட்டியலிட்டிருந்தால் அந்த மண்டோர் மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பார். தன் வாயால் காரணம் தேடிச் சொன்னதுதான் அவரைக் கட்டிப்போட்டது. ஆராய்ச்சியாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இர்விங் ஜானிஸ், பெர்ட் கிங் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1954இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் சிலரைத் தங்களுக்கு உடன்பாடில்லாத கருத்துக்கு ஆதரவாகப் பேசச் சொன்னார்கள், மற்றவர்கள் கேட்டார்கள். பேசியவர்களின் எண்ணமே கேட்டவர்களுடையதைவிட அதிகம் மாறியது. எங்கள் மணிமன்றத்து இளைஞர்கள் அந்த ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை. லாவணியும் பட்டிமன்றமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

இந்த நம்பிக்கையில்தான் எங்கள் கோயில் மாதர் குழுவில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து ஓர் ஆட்டத்தை நடத்தி வருகிறோம். இரண்டு நாற்காலிகள், முதுகோடு முதுகு. ஒருவர் மோசடிக்காரர், ஒருவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரரின் கையில் வங்கிப் பரிமாற்றத்துக்கான ஆறு இலக்க டாக் எண் எழுதிய தாள். மூன்று நிமிடத்துக்குள் அந்த எண்ணை வாங்கிவிட வேண்டும் என்பது மோசடிக்காரரின் இலக்கு. கூட்டத்தில் எல்லாருக்கும் சிவப்பு அட்டை. 'இப்போதே போனை வை' என்று தோன்றும் நொடியில் அட்டையைத் தூக்க வேண்டும். பாதிப் பேர் தூக்கினால் மணி அடிக்கும், ஆட்டம் நிற்கும். நின்றதும், அடுத்து என்ன சொல்ல நினைத்திருந்தார் என்பதை மோசடிக்காரர் வெளியே சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த விதி இந்தக் கடைசி விதிதான்.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் அண்ணன் ஒருவர் மோசடிக்காரராக உட்கார்ந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே முதலில் பயமுறுத்தினார், உங்கள் பெயரில் போலீஸ் கேஸ் என்று. பிறகு அவசரப்படுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கும் சிக்கல் வரும் என்றார். அதைக் கேட்டதும் மண்டபமே அமைதியானது. பயம், அவசரம், தனிமை என்ற வரிசையை எந்த அதிகாரியும் திரையில் காட்டாமலே அந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள். முதல் சுற்றில் எண் கேட்ட பிறகுதான் அட்டைகள் உயர்ந்தன. அடுத்தடுத்த சுற்றுகளில் போலீஸ் என்ற சொல் வந்ததுமே உயர்ந்தன. "பயங்காட்டும்போதே வெச்சிருக்கணும்லா" என்று பின்வரிசை அக்கா ஒருவர் சொன்னது இன்று எங்கள் குழுவில் எல்லார் வாயிலும் இருக்கிறது. மோசடி நடந்தால் உடனே அழைக்க வேண்டிய 997ஐ அவர்களாகவே கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார்கள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் எண் அது. திரையில் எத்தனையோ முறை வந்துபோன எண்ணும்கூட.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு டச்சுக் குழுவோடு சேர்ந்து 2018இல் கணினி ஆட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் ஆடுபவரே பொய்ச் செய்தி பரப்புகிறவராக மாறி, ஆத்திரமூட்டி, போலிக் கணக்குத் திறந்து, ஆள் சேர்க்க வேண்டும். ஆடி முடித்தவர்கள் அந்தத் தந்திரங்களைக் கொண்ட செய்திகளை முன்பைவிடக் குறைவாக நம்பினார்கள். தடுப்பூசியின் தத்துவம் என்று அவர்கள் விளக்குகிறார்கள். எதிர்க்கட்சியில் உட்காரவைத்துப் பார்ப்பது என்று நாம் சொல்லலாம்.

பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்குப் பரிசு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழ் நேசன் 1950இல் கதை வகுப்பு ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பத்திரிகையில் பாடம் சொல்ல, வாசகர்கள் எழுதி அனுப்ப, அவற்றைத் திருத்தித் தரம் பிரித்தார்கள். சும்மா படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள். இந்நாட்டுச் சிறுகதையின் ஒரு தலைமுறை அதிலிருந்து வந்தது. எழுபதுகளில் அதே ஏடு நல்ல சிறுகதைக்குப் பவுன் பரிசு கொடுத்தது. அந்தப் பவுன் எழுத்துக்குக் கிடைத்த மதிப்பு, உட்கார்ந்திருந்ததற்கான கூலியாக யாரும் அதை எண்ணவில்லை.

பரிசு தவறான இடத்தில் விழுந்தால் இருக்கும் ஆர்வத்தையும் தின்றுவிடும். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் படம் வரைவதில் விருப்பமுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், சில வாரங்களில், எந்த வாக்குறுதியும் பெறாத பிள்ளைகளைவிட ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. திருக்குறளுக்கு இத்தனை வெள்ளி என்று போட்டி வைக்கும் சங்கங்கள் இதை யோசிக்க வேண்டும். மேடையில் நூறு குறளை மூச்சுவிடாமல் ஒப்பித்த பிள்ளைகள் அடுத்த மாதம் ஒன்றையும் தொடாததை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, ஒரு வீட்டுச் சண்டையைக் கொடுத்து, ஆளுக்கொரு குறளால் வழக்காடச் சொல்லுங்கள். பத்துக் குறள் போதும்.

பள்ளிகளில் இப்போது கஹூட் வந்துவிட்டது. வகுப்பே குதிக்கிறது, நல்லதுதான். ஆனால் வேகத்துக்குப் புள்ளி என்பதால் மெதுவாக யோசிக்கும் பிள்ளை மூன்றாம் கேள்வியிலேயே கைவிட்டு, கண்ணில் பட்ட நிறத்தை அமுக்கத் தொடங்கிவிடும். கேள்விகளைப் பிள்ளைகளே தயாரிக்கும் நாளில் அந்தப் பிள்ளைதான் முன்னே வரும். இளம் ஆசிரியர்கள் பலர் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

பட்டிமன்றத்துக்கே இன்று இந்த வைத்தியம் தேவைப்படுகிறது. பெரிய தொகை கொடுத்துப் பேச்சாளர்களை அழைக்கிறோம். அவர்கள் சிரிக்க வைக்கிறார்கள். நடுவர் இரண்டு பக்கமும் தேவை என்று தீர்ப்புச் சொல்கிறார். அந்தத் தீர்ப்பு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எல்லாருக்கும் தெரியும். தோற்க வாய்ப்பில்லாத இடத்தில் யாருக்கும் நெஞ்சு படபடக்காது. கூட்டத்தின் கையில் ஓட்டு இருந்தால் பேச்சாளரும் வேறு மாதிரி தயார் செய்துகொண்டு வருவார்.

நோயையும் ஏமாந்த பணத்தையும் விளையாட்டாக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மண்டபத்தில் உண்மையிலேயே பணத்தைப் பறிகொடுத்தவர் ஒருவர் வெளியே சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். அதனால் எங்கள் குழுவில் யாரையும் பெயர் சொல்லி நாற்காலிக்கு அழைப்பதில்லை, விரும்பியவர் வரலாம். இதைவிடக் கடுமையான கேள்வி, இதே வித்தையால்தானே கடன் செயலிகளும் சூதாட்டப் பக்கங்களும் சக்கரம் சுழற்றி நம் பிள்ளைகளை இழுக்கின்றன என்பது. ஆமாம். அதனால்தான் ஓர் ஆட்டத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, நடத்துபவர் இதில் தோற்க இடமிருக்கிறதா என்று. நம்பர் கடையில் உங்கள் சாமர்த்தியம் எதையும் மாற்றாது. மணிமன்றத்தில் ஏற்பாட்டாளர் விரும்பாத கட்சியும் வென்றிருக்கலாம். அந்த ஆபத்தை ஏற்கத் தயாரில்லாத அமைப்பு ஆட்டம் நடத்த வரக்கூடாது; அறிக்கையை அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஆலயத் திருவிழாவுக்கான கூட்டம் வருகிறது. ஹம்பருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சிவப்பு அட்டைகளுக்கும், இரண்டு விவாத இரவுகளுக்கும், வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் கோப்பித் தண்ணிக்கும் கேட்டு நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு விவாதம் சீனிக்கும் சோற்றுக்கும் நடுவே. கட்சியைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும், கிளினிக் மிசிக்குச் சீனிக் கட்சி விழுந்தாலும் அவர் பேசியாக வேண்டும். மோசடி ஆட்டத்துக்கு வரும் அதிகாரிக்கும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். அவர் முதலில் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார வேண்டும், நம் இளைஞர்கள் அவரை அழைப்பார்கள். மூன்று நிமிடம் முடிந்த பிறகு மைக்கை அவரிடம் கொடுக்கலாம்.